கோலாலம்பூரில் வீட்டுச் சாப்பாட்டைப் பகிர: முதல் 24 பொட்டலத்துக்கான வழிகாட்டி

பிறந்தநாளோ திதியோ நேர்த்திக்கடனோ, எதுவுமே இல்லாத வெறும் ஞாயிற்றுக்கிழமையோ, ‘நாமே சமைத்து நாலு பேருக்குக் கொடுக்கலாமே’ என்று தோன்றும். தோன்றிய வேகத்தில் பலரும் செய்வது இதுதான்: பத்துக் கிலோ அரிசி மூட்டை, வாடகை அண்டா, வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு. மாலை ஆறு மணிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் போய் நின்றால், அங்கே ஏற்கெனவே இரண்டு குழுக்கள் சாப்பாடு இறக்கிவிட்டுப் போயிருக்கும். மீந்த நாற்பது பொட்டலத்தைக் காரில் வைத்துக்கொண்டு இரவு பத்து மணிவரை ஆள் தேடி அலைய வேண்டியதுதான். அதற்குள் சோறு கெட ஆரம்பித்திருக்கும்.

இதில் காசு பெரிய சிக்கல் இல்லை. பானையிலிருந்து வாய்க்குப் போகும்வரை கழிகிற அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் சிக்கல். கீழே உள்ள கணக்கு எல்லாம் அதை வைத்தே போடப்பட்டது.

ஏன் 24? மூன்று கிலோ அரிசி 14 முதல் 16 லிட்டர் பானை ஒன்றில், வீட்டு அடுப்பிலேயே வேகும். தலைக்கு 125 கிராம் அரிசி என்றால் 24 பேருக்கு வயிறு நிறையும். ஒரு பெட்டித் தண்ணீரில் 24 போத்தல். ஒரு தட்டு முட்டையில் 30 இருக்கும், அவிக்கையில் இரண்டு மூன்று வெடித்தாலும் கவலை இல்லை. முதல் முறை இதற்கு மேல் போகாதீர்கள்.

1. யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் உண்டு. அண்டை வீட்டார், பராமரிப்பு இல்லங்கள், தெருவில் தங்கியிருப்போர். புதிதாகத் தொடங்குவோருக்கு இல்லம்தான் எளிது. எத்தனை பேர், எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள், யாருக்கு எது ஆகாது என்று சொல்ல அங்கே ஒருவர் இருப்பார்.

பராமரிப்பு இல்லங்கள் 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் சமூகநலத் துறையில் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். முறையாக நடத்துகிறவர்கள் கோபப்பட மாட்டார்கள், சுவரிலேயே மாட்டி வைத்திருப்பார்கள்.

இரண்டு வாரம் முன்பே தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டியவை:

- அந்தத் தேதியில் வேறு யாராவது சாப்பாடு கொண்டுவருகிறார்களா?
- இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? முதியோர் இல்லங்களில் ஆறு மணிக்கே முடித்துவிடுவதும் உண்டு.
- எத்தனை பேர்? பராமரிப்பாளர்களையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவது வழக்கமான தவறு.
- சர்க்கரை, இரத்த அழுத்தம், மெல்ல முடியாதவர்கள் எத்தனை பேர்?
- வெளியே சமைத்ததை வாங்குவீர்களா? சில இல்லங்கள் அரிசியும் பருப்புமாகத்தான் வாங்கும். வற்புறுத்தாதீர்கள்.

தீபாவளி வாரத்திலும் பள்ளி விடுமுறையிலும் குழந்தைகள் இல்லங்களில் சாப்பாடு குவியும். ரமலான் மாதத்தில் நகரின் நடுவே தெருவில் கொடுப்பவர்களும் ஏராளம். அந்த நாட்களில் நீங்கள் கொண்டுபோவது குப்பைத் தொட்டிக்குப் போக வாய்ப்பு அதிகம். சாதாரண மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கேட்டுப் பாருங்கள், குரலிலேயே வித்தியாசம் தெரியும்.

அண்டை வீட்டுக்கு என்றால் இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மலாய்க்கார வீட்டுக்கு உங்கள் சட்டியில் அனுப்பினால், அந்தச் சட்டியில் முன்பு என்ன சமைத்தது என்ற தயக்கம் அவர்களுக்கு வரலாம். புதிய தாள் பெட்டியிலோ புதிய டப்பாவிலோ கொடுங்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மனமில்லாமல் அவர்கள் பதிலுக்கு ஏதாவது சமைக்க வேண்டிய கட்டாயமும் இராது. தீபாவளிக்கு முறுக்கு, நெய்யுருண்டை போன்ற உலர்ந்த பலகாரமே நல்லது. வாங்கியவர் அவசரமில்லாமல் சாப்பிடலாம்.

2. தாள்களும் அனுமதியும்

கடையிலும் கேன்டீனிலும் உணவைக் கையாளுகிறவர்கள் சுகாதார அமைச்சு அங்கீகரித்த உணவுக் கையாளுநர் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகள் இதைச் சொல்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை சமைத்துக் கொடுப்பவருக்கு இது தேவையா என்று கேட்டால், மாதந்தோறும் செய்யப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் முடித்துவிடுங்கள் என்பதே பதில். பயிற்சி அரை நாளில் முடிந்துவிடும், கட்டணம் 50 வெள்ளி (ரிங்கிட்) அளவில் இருக்கும். ஊசி மூன்று வருடத்துக்குச் செல்லும், தனியார் கிளினிக்குகளில் விலை இடத்துக்கு இடம் மாறும், நாலு இடத்தில் விசாரியுங்கள். நீங்கள் சொல்லுமுன்பே சில இல்லங்கள் ஊசி அட்டையைக் கேட்கும்.

2020-இல் வந்த உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் நல்லெண்ணத்தில் கொடுப்பவரை உரிமையியல் வழக்கிலிருந்து காக்கிறது. உணவு உங்கள் கையை விட்டுப் போகும்போது உண்ணத் தகுந்ததாக இருந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. மத்தியானம் சமைத்ததை இரவு கொடுத்துவிட்டு அந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது.

பணம் திரட்டும்போது கவனம். நண்பர்கள், உறவினர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துகொள்வது வேறு. வீடு வீடாகவோ தெருவிலோ உண்டியல் ஏந்திப் போவதற்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறை உரிமம் வேண்டும். யாராவது ‘வரி விலக்கு ரசீது கிடைக்குமா’ என்று கேட்டால் கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால்தான் அந்த ரசீது.

தெருவில் கொடுப்பதாக இருந்தால் இடம், நேரம் இரண்டையும் மாநகர் மன்றத்தின் சமூகநலப் பிரிவிடம் முன்கூட்டியே கேளுங்கள். நடைபாதையில் நீங்களே மேசை போட்டால் அமலாக்க அதிகாரிகள் எடுக்கச் சொல்வார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால் அந்தப் பேச்சுவார்த்தை நடப்பது நன்றாக இராது.

3. எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒரே சாப்பாடு

தக்காளிச் சோறு, உருளைக்கிழங்கு–கேரட் பிரட்டல், ஓடு உரிக்காத அவித்த முட்டை. பார்க்கச் சாதாரணம். ஆனால் மாட்டிறைச்சி தொடாதவர், பன்றி இறைச்சி தொடாதவர், பல் போனவர் எல்லோரும் சாப்பிடலாம். முட்டையை ஓட்டோடு தனியாகக் கொடுப்பதால், புரட்டாசி விரதக்காரரும் சைவரும் அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். உரித்த முட்டையில் நம் விரல் படும், சீக்கிரம் கெடும்.

வெங்காயம், பூண்டு சேர்க்காத பௌத்த சைவர்களுக்கு இது ஆகாது. இருக்கிறது என்று உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

கேட்பவர்கள் முதலில் சொல்வது நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு. வேண்டாம். தேங்காய்ப்பால் நம் வெயிலில் மிக வேகமாகப் புளிக்கும். தேங்காய்ச் சட்னிக்கும் அதே கதி. சாம்பார் கசியும். முட்டைக்கோஸ் பொரியல் மூடிய பெட்டிக்குள் தண்ணீர் விடும். கோழி சமைக்கலாம்தான், ஆனால் எங்கே வாங்கினீர்கள், எப்படி அறுத்தது என்ற கேள்வி வரும், அது நியாயமான கேள்வி.

பெட்டியில் ‘ஹலால்’ என்று மட்டும் எழுதாதீர்கள். சான்றிதழ் பெறாத உணவை அப்படி விவரிப்பது வர்த்தக விவரிப்புச் சட்டத்தில் சிக்கலை வரவழைக்கலாம். ‘சாயூர், ஆடா தெலுர், தியாடா டாகிங்’ (காய்கறி, முட்டை உண்டு, இறைச்சி இல்லை) என்று என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை மலாயில் எழுதினால் போதும். சாப்பிடுகிறவர் தாமே முடிவு செய்துகொள்வார்.

4. சாமானும் செலவும்

சோற்றுக்கு: சியாம் வெள்ளையரிசி 3 கிலோ, தக்காளி ஒன்றரைக் கிலோ, பெரிய வெங்காயம் 750 கிராம், இஞ்சி 75, பூண்டு 75 கிராம், எண்ணெய் 300 மில்லி, மிளகாய்த்தூள் 30 கிராம், மஞ்சள்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு 55 கிராம், பட்டை, கிராம்பு, ஏலம், இரண்டு கொத்துப் புதினா.

பிரட்டலுக்கு: உருளைக்கிழங்கு இரண்டரைக் கிலோ, கேரட் அரைக் கிலோ, கறிவேப்பிலை, சோம்பு, மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி.

பொதுவாக: முட்டை ஒரு தட்டு, குடிநீர் ஒரு பெட்டி, தாள் பெட்டி, கரண்டி, மென்தாள், ஒட்டுத்தாள்.

விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். ஆனாலும் மொத்தம் 85 முதல் 95 வெள்ளிக்குள் முடியும், ஒரு பொட்டலம் நான்கு வெள்ளியைத் தாண்டாது. இதில் தண்ணீர், முட்டை, பெட்டி மூன்றும்தான் கிட்டத்தட்ட 36 வெள்ளியை விழுங்கும். அரிசிக்கு 12 வெள்ளி போதும். எனவே அரிசியில் மிச்சம் பிடிக்க நினைத்துக் குழைகிற அரிசியை வாங்காதீர்கள். இல்லத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் தண்ணீர்ப் போத்தல் தேவையே இல்லை, அங்கேயே 13 வெள்ளி மிச்சம்.

கோலாலம்பூரில் 2017-இலிருந்து உணவுக்குப் பாலிஸ்டைரீன் பெட்டிக்குத் தடை. தாள் பெட்டி 50 உள்ள கட்டாகத்தான் வரும், பாதி அடுத்த முறைக்கு ஆகும். அதை அடுப்படி ஈரத்தில் வைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும்.

உணவு வெப்பமானி ஒன்று வாங்குங்கள், 25 முதல் 40 வெள்ளி. ஒரே முறை செலவு. ‘தொட்டுப் பார்த்தேன், சூடாகத்தான் இருக்கிறது’ என்பது 45 பாகை செல்சியஸிலும் தோன்றும். 45 பாகை கிருமிக்குத்தான் சௌகரியம்.

5. கடிகாரத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்து இருக்கும். கொதிக்கிற தண்ணீரிலும் அது சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே ‘காலையிலேயே ஆக்கிவிட்டு மாலையில் சூடு பண்ணிக்கலாம்’ என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். 60 பாகைக்கு மேல் வைத்திருங்கள், அல்லது அடுப்பிலிருந்து இறக்கிய நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கும்படி கொடுங்கள். இரண்டையும் செய்தால் இன்னும் நல்லது.

இரவு 7.30-க்குச் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள்:

- 7.00: கொடுத்து முடிக்க வேண்டும்
- 6.00: வீட்டிலிருந்து கிளம்புதல். வேலைநாள் மாலையில் செந்தூலிலிருந்து சௌகிட் போகவே நேரம் பிடிக்கும், பிரிக்பீல்ட்ஸ் என்றால் இன்னும் அரை மணி கூட வைத்துக்கொள்ளுங்கள்
- 5.30: பெட்டியில் போடத் தொடங்குதல், இரண்டு பேர், இருபது நிமிடம்
- 5.20: சோறு இறக்குதல். நான்கு மணி நேரக் கணக்கு இங்கே தொடங்குகிறது, அதாவது 9.20 வரை
- 4.00: சோற்றுப் பானை அடுப்பில். பக்கத்து அடுப்பில் முதலில் முட்டை, பிறகு பிரட்டல்
- 2.30: நறுக்குதல்

காய் நறுக்குவதை முந்தைய இரவே முடிக்கலாம், வெங்காயம், கேரட் மட்டும். உருளைக்கிழங்கு கறுத்துவிடும்.

ரமலான் மாதத்தில் பகலில் கொண்டுபோகாதீர்கள். நோன்பு திறக்கும் நேரம் கோலாலம்பூரில் வருடம் முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் இருக்கும். அதற்கு அரை மணி முன்பு போய்ச் சேர்ந்தால் போதும். மாலை மழைக்கும் இடம் விடுங்கள். பருவக்காற்று மாறுகிற மாதங்களில் நாலு மணிக்குத் தொடங்கினால் ஆறு மணிவரை கொட்டும், சாலை நிற்கும்.

6. சமையல்

பானை எவர்சில்வராக, அடி தடித்ததாக இருக்கட்டும். அலுமினியத்தில் தக்காளிப் புளிப்பு ஏறி ஓர் உலோக வாடை வரும். கல்யாண வீட்டு உயர் அழுத்த அடுப்பை அடுக்குமாடி வீட்டுக்குள் ஏற்றாதீர்கள். அதன் ரெகுலேட்டரே வேறு, அது வெட்டவெளிக்கானது.

அரிசியை மூன்று முறை கழுவி, 20 நிமிடம் ஊறவைத்து, முழுக்க வடித்துவிடுங்கள். எண்ணெயில் பட்டை வகைகள், வெங்காயம், இஞ்சி பூண்டு, பிறகு தக்காளி. இந்த அளவுக்குத் தக்காளி சுருங்க வீட்டு அடுப்பில் அரை மணி ஆகும். வீட்டுச் சமையலில் பத்து நிமிடத்தில் நடப்பது இங்கே நடக்காது. அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் பச்சை வாடை அப்படியே நிற்கும். எண்ணெய் பிரிந்த பிறகு தூள்கள், உப்பு, மூன்றரை லிட்டர் தண்ணீர்.

‘ஒன்றுக்கு இரண்டு’ என்ற வீட்டுக் கணக்கில் ஆறு ஏழு லிட்டர் ஊற்றுவதுதான் முதல்முறை செய்வோரின் பெரிய சறுக்கல். பெரிய பானையில் ஆவியாகிற பங்கு குறைவு, தக்காளியிலும் கொஞ்சம் நீர் இருக்கும். கூடுதல் தண்ணீர் கஞ்சியில்தான் முடியும்.

நன்றாகக் கொதித்ததும் அரிசியைப் போட்டு, ஒரே ஒரு முறை அடியிலிருந்து கிளறுங்கள். தண்ணீர் அரிசி மட்டத்துக்கு வந்ததும் பானைக்கடியில் தோசைக்கல்லை வைத்து, தீயைக் குறைத்து, மூடி 20 நிமிடம். தோசைக்கல் இல்லாவிட்டால் நடுவில் வட்டமாக அடிப்பிடிக்கும், அந்தக் கருகல் வாடை மொத்தப் பானைக்கும் ஏறும். இறக்குமுன் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள், 90-க்கு மேல் காட்டும்.

பிரட்டலில் கிழங்கு முக்கால் வேக்காட்டில் நிறுத்திவிட்டுத் தாளிப்பில் முடிப்பது வழக்கம். இங்கே முழுக்க வேகட்டும். தெருவில் இருக்கும் பெரியவர்களில் பலருக்குப் பல் சரியில்லை. காரமும் வீட்டுக்குப் போடுவதில் பாதி போதும்.

வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கையில் சீழ்ப்புண் உள்ளவர் அன்று அடுப்படிக்கு வரவே வேண்டாம். அவருக்குக் கார் ஓட்டும் வேலையைக் கொடுங்கள்.

பெரிய பாத்திரத்துக்குக் கை பழக வேண்டுமென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு குருத்துவாராவின் (சீக்கியக் கோயில்) லங்கர் எனும் அன்னதான அடுப்படியில் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரிக்கப் போங்கள். இரண்டு மணி நேரத்தில் கற்றுக்கொள்வது நாலு காணொளி பார்ப்பதைவிட அதிகம்.

7. பெட்டியில் போடுதல்

சோற்றைக் கையால் தொடாதீர்கள், உறை போட்ட கையாலும் வேண்டாம். ஒரே அளவுக் கிண்ணத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டிகளில் தாராளமாகப் போட்டுவிட்டுப் பதினெட்டாவது பெட்டியில் பானையைச் சுரண்டுவது எல்லோருக்கும் நடப்பது. முதல் பெட்டியைத் தராசில் வையுங்கள், சோறு மட்டும் 300 கிராம் அளவில் இருக்கட்டும்.

பெட்டியை உடனே மூடினால் ஆவி மூடியில் பட்டுச் சோற்றில் சொட்டும். மூன்று நான்கு நிமிடம் திறந்து வைத்து மூடுங்கள். அதற்கு மேல் ஆறவிடாதீர்கள்.

மூடியில் ஒட்டுத்தாள்: ‘டிமாசாக் 5.20 பெத்தாங், மாக்கான் செபெலும் 9 மாலாம்’ (மாலை 5.20-க்குச் சமைத்தது, இரவு 9-க்கு முன் சாப்பிடவும்). அதன்கீழ் என்ன சாப்பாடு என்பது. இருபது நிமிடம் விட்டு 9 என்று எழுதுவது வேண்டுமென்றேதான்.

மீன் வாங்கப் பயன்படும் ஐஸ் பெட்டி சூட்டையும் காக்கும். நன்றாகக் கழுவி, கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டிவிட்டு, துணி விரித்துப் பெட்டிகளை அடுக்குங்கள். முட்டையையும் தண்ணீரையும் வேறு பையில் வையுங்கள், சூட்டோடு சேர்க்காதீர்கள்.

8. கொடுக்கும் இடத்தில்

இல்லம் என்றால் பொறுப்பாளர் கையில் கொடுத்து, ஒட்டுத்தாளைக் காட்டி, ‘நாளைக்கு வைக்காதீங்கம்மா’ என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். உட்கார்ந்து பேச அவர்கள் அழைத்தால் பேசுங்கள். பாட்டுப் பாடச் சொல்லிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தவேண்டாம்.

தெருவில் என்றால் மூன்று பேர் போங்கள், பத்துப் பேர் வேண்டாம். தூங்குகிறவரை எழுப்பாதீர்கள், தலைமாட்டில் வைத்துவிட்டும் வராதீர்கள், எறும்பும் எலியும் முந்திக்கொள்ளும். ‘பாங், சுடா மாக்கான்?’ (அண்ணே, சாப்பிட்டாச்சா?) என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ‘சுடா’ என்று சொன்னால் விட்டுவிடுங்கள். 24 பெட்டிக்கு 30 பேர் வந்தால், நடக்க முடியாமல் தூரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் ஒருவர் கொண்டுபோகட்டும். தீர்ந்ததும் தீர்ந்தது என்று சொல்லிவிடுங்கள், ‘திரும்பி வருகிறோம்’ என்ற வாக்கு வேண்டாம். முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள். காசு கொடுத்த நண்பர்களுக்குப் படம் வேண்டுமென்றால் வீட்டில் அடுக்கிய பெட்டிகளை எடுத்து அனுப்புங்கள்.

பெரிய குப்பைப் பை இரண்டு கையோடு இருக்கட்டும். 9 மணிக்கு மேல் கையில் மீந்தது எதுவானாலும் குப்பைக்கு. மனம் கேட்காது. இருந்தாலும் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாள் இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

9. மறுநாள்

இல்லத்துக்கு அழைத்து இரண்டே கேள்வி: யாருக்காவது வயிறு சரியில்லையா, பெட்டியில் எது மீந்தது? பதிலை அரிசி அளவுக்கும் உப்பு அளவுக்கும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். கிழங்கு மீந்தால் காரம் அதிகம், சோறு மீந்தால் அளவு அதிகம் என்று பெரும்பாலும் கண்டுகொள்ளலாம்.

பானை அடிப்பிடித்திருந்தால் கம்பியால் சுரண்டாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி சோடா உப்பும், கருகல் மூழ்குமளவு தண்ணீரும் விட்டு ஒரு கொதி கொதிக்கவைத்து இரவு முழுக்க ஊறவிட்டால், காலையில் மரக்கரண்டிக்கே கழன்று வரும்.